ஆற்றோடு மிதந்து மீன்பிடிக்க: பழைய முறை மரப்படகைக் கட்டுவதற்கும் நடத்துவதற்கும் ஒரு வழிகாட்டி

ஆற்றில் மிதந்துகொண்டே மீன்பிடிக்கும் படகுக்கு வேகம் தேவையில்லை. நீரோட்டத்தைவிடச் சற்று மெதுவாகச் செல்ல முடிந்தால் போதும். கரையோரப் பாறைக்கு அருகே வீசிய தூண்டிலை மீன் கண்டு, தயங்கி, பின் வந்து கவ்வும்வரை படகு அவ்விடத்தைத் தாண்டிவிடக் கூடாது. அதே படகு, ஒரு சாண் ஆழம்கூட இல்லாத கூழாங்கல் ஓட்டத்தில் அடிதட்டாமல் வழுக்கிச் செல்லவும் வேண்டும். இந்த இரண்டு தேவைகளுக்கும் அமெரிக்க ஆற்றோர மக்கள் மரத்தில் கண்ட விடைகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று, மிசோரி, ஆர்கன்சா மாநிலங்களில் பரந்துள்ள ஓசார்க் மலைப்பகுதியின் ஜான்போட் எனப்படும் நீண்ட தட்டைப்படகு. மற்றொன்று, ஆரிகன் மாநிலத்து மெக்கன்சி ஆற்றில் 1920களிலிருந்து உருப்பெற்ற, முன்னும் பின்னும் மேல்நோக்கி வளைந்த துடுப்புப்படகு. முதலாவதைக் கட்டும் முறையையும், இரண்டாவதிலிருந்து கற்க வேண்டிய துடுப்பு முறையையும், அவற்றிலிருந்து தூண்டில் போடும் முறையையும் இங்கே விளக்குகிறேன். இடையிடையே வரலாறும் வரும். இப்படகுகளின் அளவுகளுக்கான காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

ஓசார்க் ஆறுகள் சுண்ணாம்புப் பாறைகளுக்கிடையே வளைந்து வளைந்து ஓடுபவை. பெரிய ஊற்றுகள் பலவற்றிலிருந்து நீர் பெறுவதால் தெளிவாக இருக்கும் இவற்றில், ஆழமான மடுவும் ஆழமற்ற ஓட்டமும் மாறிமாறி வரும். ஆற்றைக் கடக்கவும், பொருள் ஏற்றவும், இரவில் வெளிச்சம் பிடித்து ஈட்டியால் மீன் குத்தவும் அங்குள்ளவர்கள் தட்டைப்படகையே நம்பியிருந்தனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிராண்டின் போன்ற ஊர்களில் பெரிய மர ஆலைகள் இயங்கின. பைன் காடுகள் வெட்டப்பட்டன. ரயில் பாதைக்கான கட்டைகள் ஆற்றில் மிதக்கவிடப்பட்டுக் கீழே கொண்டுசெல்லப்பட்டன. இதனால் இரண்டு வசதிகள் ஒருங்கே அமைந்தன: அகலமான பைன் பலகை கையெட்டும் தூரத்தில் கிடைத்தது, ஆற்றின் ஒவ்வொரு திருப்பத்தையும் அறிந்த ஆட்களும் இருந்தார்கள்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒயிட் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக ரயில் வந்தபின், இந்த வேலைப்படகு பொழுதுபோக்குப் படகாகவும் மாறியது. ஜேம்ஸ் ஆற்றின் கரையிலுள்ள கலீனா ஊரில் படகேறி, அந்த ஆறு ஒயிட் ஆற்றில் கலக்கும் இடத்தைத் தாண்டி, பிரான்சன் ஊரில் இறங்குவது புகழ்பெற்ற பயணமாயிற்று. ஆற்று வழியாக 100 மைலுக்கும் மேல் வளைந்து செல்லும் இப்பயணம் சுமார் ஐந்து நாள் எடுத்துக்கொள்ளும். நேர்வழியில் பார்த்தால் இரண்டு ஊர்களுக்கும் இடையே தூரம் மிகக் குறைவு. ஆகவே பயணம் முடிந்ததும் படகுகளை ரயிலில் ஏற்றிக் கலீனாவுக்கே திருப்பி அனுப்ப முடிந்தது. விருந்தினர் இருவரும் வழிகாட்டி ஒருவருமாகப் படகுக்கு மூவர் செல்ல, கூடாரமும் சமையல் பொருள்களும் ஏற்றிய தனிப்படகு முன்னதாகப் போய் மணல்திட்டில் இரவுக்கான இடத்தை ஆயத்தப்படுத்தும். 1930களில் பிரான்சனின் ஜிம் ஓவன் இத்தொழிலைப் பெரிய அளவில் நடத்தி, நாடு முழுவதும் அறியச் செய்தார். ஜான்போட் ஏன் அவ்வளவு நீளம் என்று கேட்பவர்களுக்கு இந்தப் பயணமே விடை: மூன்று பேர், ஐந்து நாள் மூட்டை, ஆழமற்ற நீர். இம்மூன்றும் சேர்ந்தால் படகு ஏறக்குறைய 20 அடி நீளமும் 3 அடி அகலமும் கொண்டதாகத்தான் அமையும்.

அந்தப் பயணத்தை இன்று அதே வழியில் செய்ய இயலாது. 1913இல் கட்டி முடிக்கப்பட்ட பவர்சைட் அணை பிரான்சன் அருகே டேனிகோமோ ஏரியை உருவாக்கியது. பின்னர் நார்ஃபோர்க் (1944), புல் ஷோல்ஸ் (1951), டேபிள் ராக் (1958) அணைகள் அடுத்தடுத்து எழ, ஜேம்ஸ் ஆற்றின் கீழ்ப்பகுதி டேபிள் ராக் ஏரிக்குள் மூழ்கிப்போனது. அணையின் ஆழத்திலிருந்து வெளியேறும் குளிர்ந்த நீரில் ஸ்மால்மவுத் பாஸ் மீன் தழைக்கவில்லை. அதற்குப் பதிலாக ட்ரவுட் மீன்கள் கொண்டுவந்து விடப்பட்டன. மரப்படகின் இடத்தை அலுமினியப் படகு பிடித்தது. பழைய முறையில் மிதக்க விரும்புவோருக்கு எஞ்சியிருப்பவை, 1964ஆம் ஆண்டுச் சட்டத்தால் காக்கப்பட்ட கரண்ட், ஜாக்ஸ் ஃபோர்க் ஆறுகள், 1968 முதல் பாதுகாப்பிலுள்ள இலெவன் பாயின்ட் ஆறு, 1972இல் தேசிய ஆறாக அறிவிக்கப்பட்ட பஃபலோ ஆறு ஆகியவை.

அளவைக் கணக்கிடுதல்

பலகையில் கைவைக்கும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. படகு தன் எடைக்கும் சுமைக்கும் ஈடான நீரை ஒதுக்கிய பின்னரே மிதக்கும். ஒரு கன அடி நன்னீரின் எடை ஏறத்தாழ 62.4 பவுண்டு. இருவருக்குப் போதுமான 16 அடிப் படகை எடுத்துக்கொள்வோம். அடிப்பகுதி 3 அடி அகலம் எனில் மொத்தப் பரப்பு 48 சதுர அடி. முனைகள் மேல்நோக்கி வளைவதாலும் குறுகுவதாலும், நீரைத் தொடுவது சுமார் 40 சதுர அடி எனக் கொள்ளலாம். அப்படியானால் படகு ஓர் அங்குலம் அமிழும்போது சுமார் 208 பவுண்டைத் தாங்குகிறது. முக்கால் அங்குலப் பைன் பலகையில் கட்டிய படகு 250 பவுண்டு, ஆட்கள் இருவர் 350, மூட்டைகள் 100 என்றால் மொத்தம் 700 பவுண்டு. படகு ஏறக்குறைய மூன்றரை அங்குலமே நீரில் அமிழும். இதே சுமையை அடிப்பகுதி வட்டமாக அமைந்த குறுகிய படகில் ஏற்றினால் அது இதைவிட ஆழமாக இறங்கிக் கூழாங்கல்லில் உராயும். தட்டையான அடி எளிமைக்காக மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று என்பது இந்தக் கணக்கில் தெளிவாகும்.

அடிப்பகுதி முற்றிலும் தட்டையாக இருக்கவும் கூடாது. நடுவில் 8 அடி நேராக இருக்கட்டும். முன்பக்கமான அணியத்தில் கடைசி 4 அடி படிப்படியாக 5 அங்குலம் வரையிலும், பின்பக்கமான அமரத்தில் 3 அல்லது 4 அங்குலம் வரையிலும் மேலெழ வேண்டும். இந்த வளைவு இருந்தால்தான் படகு நின்ற இடத்திலேயே திரும்பும். ஓட்டத்துக்கு எதிராகப் பின்னிழுக்கும்போது நீர் அமரத்தில் முட்டிக் குவியாமல் அடியில் நழுவிப்போகும். நேரான அடி நன்றாக நேர்கோட்டில் ஓடும், ஆனால் திருப்ப அடம்பிடிக்கும். ஏரிக்கு நேரான அடியும் ஆற்றுக்கு வளைந்த அடியும் என்பது என் தேர்வு.

கட்டும் முறை

பக்கப்பலகைக்கு முடிச்சு குறைந்த, 15 அங்குல அகலமுள்ள பைன் பலகைகள் இரண்டு வேண்டும். அவ்வளவு அகலமான பலகை இப்போது எளிதில் கிடைப்பதில்லை. குறுகிய இரண்டைப் பக்கவாட்டில் சேர்த்து, உட்புறம் குறுக்குச்சட்டம் வைத்து இணைக்கலாம். இரண்டு பக்கப்பலகைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அடிவளைவை ஒரே வெட்டில் அறுத்தெடுங்கள். தனித்தனியாக அறுத்தால் வரும் சிறு வேறுபாடுகூடப் படகை ஒரு பக்கமாகவே இழுத்துச் செல்லும். அதைப் பின்னால் திருத்த வழியில்லை.

அடுத்து நடுச்சட்டம். இதன் அடி அகலம் 36 அங்குலம், மேல் அகலம் 42 அங்குலம். பக்கங்கள் வெளிநோக்கிச் சாய்ந்திருக்கும். சுமை ஏற ஏறப் படகின் அகலம் கூடி அதன் நிலைப்பும் கூடுவது இந்தச் சாய்வினால்தான். அணியத்துக்கு 24 அங்குலமும் அமரத்துக்கு 28 அங்குலமும் அகலமுள்ள தடித்த முனைப்பலகைகளை வெட்டிக்கொள்ளுங்கள். பக்கப்பலகைகளை நடுச்சட்டத்தில் பொருத்தியபின், முனைகளைச் சுற்றிக் கயிறு கட்டி, நடுவே ஒரு கோலைச் செருகி முறுக்கினால் பலகைகள் மெல்ல உள்வாங்கும். விறைப்பாக இருந்தால், வெந்நீரில் நனைத்த துணியை வெளிப்புறத்தில் சற்று நேரம் போர்த்தி வைத்து மீண்டும் முறுக்கலாம். அவசரப்பட்டால் முடிச்சு உள்ள இடத்தில் பலகை பிளக்கும்.

பக்கப்பலகையின் கீழ் விளிம்பில் உட்புறமாக ஓக் மரச்சட்டம் ஒன்றை முழு நீளத்துக்கும் பதிக்க வேண்டும். அடிப்பலகைகளின் ஆணிகள் இறங்குவது இதில்தான். பக்கங்கள் சாய்ந்திருப்பதால் சட்டத்தின் அடிமுகமும் சாய்வாகவே இருக்கும். குறுக்கே நேரான மட்டக்கோலை வைத்துப் பார்த்துப் பார்த்து இழைப்புளியால் சீவிச் சமப்படுத்துங்கள். கட்டும் வேலை முழுவதிலும் பொறுமையை அதிகம் கேட்பது இந்தக் கட்டமே. இங்கே விடப்படும் இடைவெளி பிறகு எத்தனை கீல் பூசினாலும் ஒழுகும்.

அடிப்பலகைகளைக் குறுக்கே பதிப்பது எளிய முறை. மரம் நனைந்தால் அகலத்தில் உப்பும். நீளத்தில் ஏறக்குறைய மாறாது. ஆகவே குறுக்கே அடுத்தடுத்து வைத்த பலகைகள் நீரில் உப்பி ஒன்றையொன்று நெருக்கி, இடுக்குகளைத் தாமே அடைத்துவிடும். நான்கு முதல் ஆறு அங்குல அகலமுள்ள பலகைகளே இதற்கு ஏற்றவை; மிக அகலமானவை உப்பும்போது நடுவில் புடைக்கும் அல்லது வெடிக்கும். நன்றாக உலர்ந்த மரமாயின், இரண்டு பலகைகளுக்கிடையே ஒரு நாணயத்தின் கனம் இடைவெளி விட்டுப் பஞ்சுத்திரி திணியுங்கள். ஈரமான மரமாயின் நெருக்கமாகவே வையுங்கள், ஏனெனில் அது காயும்போது சுருங்கும். துருப்பிடிக்காத பூச்சுள்ள ஆணிகளையே பயன்படுத்துங்கள்.

குறுக்குப் பலகைகளின் விளிம்புகள் பாறையில் தட்டும் என்பது இம்முறையின் குறை. வெளிப்புறத்தில் நீளவாக்கில் மூன்று ஓக் சட்டங்களை அடித்துவிட்டால், உராய்வு முழுவதையும் அவை ஏற்றுக்கொள்ளும். தேய்ந்தபின் கழற்றி மாற்றலாம். உள்ளே குறுக்காக மூன்று இருக்கைப்பலகைகளைப் பொருத்துங்கள். அமர்வதற்கு மட்டுமன்றி, பக்கங்கள் விரியாமல் பிடித்துக்கொள்ளவும் அவை உதவும். கடைசியாக, பைன் கீலையும் ஆளிவிதை எண்ணெயையும் கலந்து உள்ளும் புறமும் பூசி, உலர்ந்ததும், ஆழமற்ற நீரில் கல் ஏற்றி இரண்டு நாள் அமிழ்த்தி வையுங்கள். முதல்முறை இறக்கும் மரப்படகு ஒழுகத்தான் செய்யும்; அதைக் கண்டு மேலும் மேலும் இடுக்குகளை இறுகத் திணிப்பவர்கள், மரம் உப்பும்போது ஆணிகளே பிடுங்கிக்கொண்டு வருவதைக் காண்பார்கள்.

மெக்கன்சி ஆறு கற்பித்த துடுப்பு

கேஸ்கேட் மலைகளிலிருந்து இறங்கும் மெக்கன்சி ஆறு, ஓசார்க் ஆறுகளைப்போல் அமைதியானதன்று. பெரும்பாறைகளுக்கு நடுவே வேகமாகப் பாயும் அதில் கனமான நீண்ட படகுகள் தடுமாறின. 1920களில் வெல்டி ப்ரூயிட் என்ற வழிகாட்டி மெல்லிய பலகைகளால் எடை குறைந்த படகொன்றைக் கட்டினார். யூஜின் நகரில் படகுப்பட்டறை வைத்திருந்த டாம் கார்ஹஸ், 1930களில் புதிதாகக் கிடைத்த, நீர்புகாப் பசையால் ஒட்டிய பிளைவுட் பலகையைக் கொண்டு அதே வழியில் படகுகள் செய்தார். அவரைத் தொடர்ந்து வூடி ஹிண்ட்மன், இருமுனையும் கூர்மையான படகின் ஒரு முனையை வெட்டி, சிறிய மோட்டார் மாட்டக்கூடிய குறுகிய பலகையை வைத்தார். இன்று மெக்கன்சி படகு என்று அறியப்படும் வடிவம் பெரும்பாலும் அதுதான்: முழு நீளத்துக்கும் வளைந்த அடி, நன்றாக வெளிச்சாய்ந்த பக்கங்கள், 14 முதல் 16 அடி நீளம்.

ஆனால், வடிவத்தைவிட அதை நடத்தும் முறையே நமக்கு முதன்மையானது. துடுப்புப் போடுபவர் ஆறு போகும் திசையைப் பார்த்து அமர்கிறார்; துடுப்பை வலிக்கும்போது படகு மேல்நோக்கி இழுபடுகிறது. அதாவது அவர் எப்போதும் ஓட்டத்துக்கு எதிராகவே வலித்து, படகை நீரைவிட மெதுவாக இறங்கவிடுகிறார். இதனால் வரும் பாறையைக் கண்ணால் காணவும், அதைப் பற்றி யோசிக்கவும் நேரம் கிடைக்கிறது. முன்னே தடை தெரிந்தால், படகின் முன்முனையைத் தடையை நோக்கிச் சுமார் 45 பாகை சாய்த்து வைத்து, பின்னோக்கி வலியுங்கள். படகு பக்கவாட்டில் நகர்ந்து தடையிலிருந்து விலகும். ஆபத்தை நோக்கி முன்முனையைத் திருப்புவது தொடக்கத்தில் மனத்துக்கு ஒவ்வாது. அமைதியான நீரில் மிதவை ஒன்றை வைத்துப் பலமுறை பழகியபின் வேகமான நீருக்குப் போக வேண்டும்.

ஜான்போட்டில் இதே வேலையை அமரத்தில் அமர்ந்திருக்கும் வழிகாட்டி ஒற்றைத் துடுப்பால் செய்கிறார். கருவி வேறு, கொள்கை அதுவே. துடுப்பை நீரில் செங்குத்தாக நிறுத்திச் சற்றே முன்தள்ளினால் படகு தயங்கும்; தகட்டைச் சிறிது திருப்பினால் கரையை நோக்கியோ நடுவாற்றை நோக்கியோ நகரும். துடுப்பை நீரிலிருந்து வெளியே எடுக்காமலும், படகின் பக்கத்தில் தட்டாமலும் செய்வதே திறமை. தெளிந்த நீரில் மரத்தில் எழும் ஒலி மீனை விரட்டும்.

தூண்டில் போடுதல்

படகு கரையிலிருந்து ஒரு நல்ல வீச்சு தூரத்தில், கரைக்கு இணையாகப் போகட்டும். ஸ்மால்மவுத் பாஸ் ஓட்டத்தின் நடுவே நின்று சக்தியை வீணாக்குவதில்லை. பாறையின் பின்னால், நீரில் விழுந்த மரவேரின் நிழலில், வேகநீரும் மந்தநீரும் உரசும் கோட்டில் நின்று, இரை தன்னை நோக்கி வரக் காத்திருக்கும். ஆகவே அந்த இடத்துக்குச் சற்று மேலே, படகுக்கு முன்னால் கோணமாக வீசுங்கள். இரை ஓட்டத்தோடு இயல்பாக அந்த நிழலுக்குள் போகும். படகுக்குப் பின்னால் வீசினால் தூண்டில் நரம்பு இழுபட்டு, இரை கரையோர நீரைவிட வேகமாகக் கீழ்நோக்கி ஓடும். எந்தச் சிறுமீனும் அப்படி விரைவதில்லை என்பது பெரிய மீனுக்குத் தெரியும். படகில் இருவர் இருந்தால் முன்னே இருப்பவர் முன்கோணத்திலும் பின்னே இருப்பவர் நேர்குறுக்கிலும் வீசுவது முறை. இல்லாவிட்டால் ஒருவர் முள் மற்றவர் தொப்பியில் மாட்டும்.

தக்கை கட்டி மீன்பிடிக்கும்போது விதி மாறுகிறது. இங்கே படகு தக்கையின் வேகத்திலேயே செல்ல வேண்டும். கரையில் நிற்பவரின் தக்கை சில கஜம் போனதும் நரம்பு வளைந்து அதை இழுத்துவிடும். தக்கையோடு சேர்ந்து மிதக்கும் படகிலிருந்தோ, ஒரே வீச்சில் மடு முழுவதையும் தேடிப்பார்க்கலாம். ஆற்றின் மேற்பரப்பு நீர் அடிநீரைவிட வேகமாக ஓடுவதால், தக்கை முன்னே போய் இரையை மேலே இழுக்கப் பார்க்கும். தக்கையை மெல்லத் தடுத்துப் பிடித்தால் இரை முன்னே சென்று, முதலில் மீனின் கண்ணில் படும். ஆழத்தை அறிய, முள்ளில் ஒரு கனமான ஈயத்தை மாட்டி இறக்கிப் பாருங்கள்: தக்கை மூழ்கினால் ஆழம் போதவில்லை, படுத்துவிட்டால் அதிகம். இரை தரைக்கு ஓரடி மேலே போகுமாறு வைப்பது நல்ல தொடக்கம். ஈயக்குண்டுகளை ஒரே இடத்தில் குவித்தால் இரை விரைவாக அடிக்குப் போகும். இடைவெளிவிட்டுப் பகிர்ந்து வைத்தால் மெதுவாக, இயல்பாக இறங்கும். வேகநீருக்கு முன்னதும், மந்தமான மடுவுக்குப் பின்னதும் பொருந்தும். தக்கையின் மேல்முனை மட்டும் வெளியே தெரியும் அளவுக்கு ஈயம் சேர்த்திருந்தால் மீனின் மெல்லிய தொடுதலும் தெரியும்.

ஆபத்துகள்

ஆற்றில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் அலையன்று. திருப்பங்களின் வெளிக்கரையில் நீருக்குள் சாய்ந்து கிடக்கும் மரம். நீர் கிளைகளுக்கிடையே புகுந்து போய்விடும். படகும் மனிதரும் அதில் சிக்கிக்கொள்வர். திருப்பத்துக்கு முன்பே உட்கரைப் பக்கம் ஒதுங்கிவிடுங்கள். படகு பாறையில் குறுக்காக மோத நேர்ந்தால், அச்சத்தில் பாறையிலிருந்து விலகி மேல்நீர்ப் பக்கம் சாய்வது இயல்பு. ஆனால் அப்படிச் செய்தால் அந்தப் பக்கம் தாழ்ந்து நீர் உள்ளே பாய்ந்து படகு கவிழும். எல்லோரும் பாறைப் பக்கமாகச் சாய வேண்டும். வேகமான ஓட்டத்தில் நங்கூரம் போடாதீர்கள். போட்டே ஆகவேண்டிய மந்தநீரிலும், கயிற்றை ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகக் கட்டி, அருகில் கத்தி வைத்திருங்கள்.

அணைக்குக் கீழே மிதப்பவர்கள் மின்னுற்பத்தி நேரத்தைக் கேட்டறியாமல் இறங்கக் கூடாது. வெயிலில் உலர்ந்திருந்த கூழாங்கல் திட்டின் விளிம்பு நனையத் தொடங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கினாலோ நீர் ஏறுகிறது என்று பொருள். உடனே மேட்டுப்பக்கக் கரைக்குப் போய்விட வேண்டும். உயிர்காப்பு அங்கியை இருக்கைக்கடியில் வைக்காமல் உடலில் அணிந்திருக்க வேண்டும். மீன்பிடி உரிமத்தை மிசோரியிலும் ஆர்கன்சாவிலும் தனித்தனியே பெற வேண்டும். பிடிக்கக்கூடிய அளவும் காலமும் ஆற்றுக்கு ஆறு மாறும்.

பயணம் முடிந்ததும் படகைக் கழுவி, நிழலில், தரையில் படாமல் கட்டைகள்மேல் கவிழ்த்து வையுங்கள். நேர்வெயிலில் சில நாள் கிடந்தாலே இடுக்குகள் திறந்துகொள்ளும். உள்ளே தேங்கும் மழைநீர் அதைவிடக் கெடுதல்; நன்னீரில் ஊறும் மரம் முதலில் உளுத்துப்போவது இருக்கைப்பலகைகளின் முனைகளிலும் முனைப்பலகையின் மூலைகளிலும்தான். ஆண்டுக்கு ஒருமுறை அந்த மூலைகளை ஊசியால் குத்திப் பார்த்து, மெத்தென்று இறங்கும் இடங்களைச் செதுக்கி எடுத்துப் புதுமரம் வையுங்கள். பிறகு கீல் பூசி, அடுத்த பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு மீண்டும் நீரில் அமிழ்த்துங்கள்.